நாலு டிகிரி எங்கே தடைபட்டது? ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆய்வகத்தின் நிகழ்வு ஆய்வு

ரெக்கார்டு நோட்டில் 48.4 என்று இருந்தது. தெர்மாமீட்டர் 52.8 காட்டியது. ஒரு தண்ணீரின் சூட்டை இன்னொரு தண்ணீருக்கு மாற்றும் கருவிதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதில் சூடான தண்ணீர் குழாயை விட்டு வெளியேறும் இடத்தின் வெப்பநிலை அது. பத்து நிமிடம் ஓடவிட்டார்கள், அப்புறம் அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். 52.8 அசையவில்லை. நாலு பேர் கொண்ட அந்தக் குழுவில் மூன்று பேர், சீனியர் ரெக்கார்டில் இருக்கிற 48.4-ஐயே எழுதிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் நோட்டை மூடிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"சார், ரீடிங் தப்பா வருது."

"ரீடிங் தப்பா வராதும்மா. தெர்மாமீட்டர் தப்பா இருக்கலாம். இல்லேன்னா நாம எதிர்பார்க்குறது தப்பா இருக்கலாம். எதுன்னு பார்ப்போம், வா."

அன்று தொடங்கி ஆறு வாரம் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வெப்பப் பரிமாற்றம் என்ற பாடத்தை நான் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். அந்த ஆறு வாரத்தில் அந்தக் குழு கற்றுக்கொண்ட அளவுக்கு ஒரு முழுப் பருவத்தில் வகுப்பறையில் கற்றுக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் முழுதாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இடமும் ஆட்களும்

செட்டிநாட்டு வட்டாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. வேதிப் பொறியியல் மூன்றாமாண்டு வகுப்பு. இந்த மண்ணுக்கும் வேதிப் பொறியியலுக்கும் பழைய உறவு உண்டு. கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில்தான் 1944-ல் சென்னை கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவரும் அவர்தான். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. எங்கள் கல்லூரி அவர் தொடங்கியதில்லை. ஆனாலும் இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இதை ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் சொல்லிவிடுவேன். தங்கள் ஊருக்கும் இந்தப் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்ற நினைப்போடுதான் பாதிப் பேர் வந்து உட்காருகிறார்கள்.

அந்த மாணவியின் அப்பா தேவகோட்டை பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். மாணவிக்குச் சூத்திரங்கள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். குழாயில் ஓடும் தண்ணீருக்கும் சுவருக்கும் இடையே வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகும் என்று கணக்கிடும் டிட்டஸ்–போல்ட்டர் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். முதல் இன்டர்னலில் பாதி மதிப்பெண் கூட வரவில்லை. கணக்கு தெரியாமல் வந்த குறை என்று சொல்ல மாட்டேன். எந்தக் கணக்கை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் இருக்கிறார்கள். அதில் பெரும் பங்கு எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையது.

ஆய்வகத்தில் ஒரு டபுள் பைப் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கிறது. ஒரு தாமிரக் குழாய்க்குள் சூடான தண்ணீர் போகும். அதைச் சுற்றியிருக்கும் பெரிய குழாயின் இடைவெளியில் குளிர்ந்த தண்ணீர் எதிர்த்திசையில் வரும். தாமிரக் குழாயின் உள்விட்டம் 10 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 12. வெளிக்குழாயின் உள்விட்டம் 20. நீளம் 1.6 மீட்டர். சூடான தண்ணீர் ஒரு தொட்டியில் ஹீட்டர் போட்டுச் சூடாகி, குழாயில் ஓடி, மறுபடி அதே தொட்டிக்கு வந்து சேரும். குளிர்ந்த தண்ணீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வந்து, குழாயில் ஓடி, நேராகச் சாக்கடைக்குப் போய்விடும். மேல்நிலைத் தொட்டிக்கு வருவது வளாகத்துப் போர்வெல் தண்ணீர். இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை அப்போது யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

முதல் வேலை: கருவியைச் சந்தேகிப்பது

நாலு தெர்மாமீட்டரையும் கழற்றி ஐஸ் தண்ணீரில் ஒன்றாக முக்கினோம். நாலும் பூஜ்யத்துக்கு அருகில், ஒன்றுக்கொன்று 0.1 டிகிரிக்குள் நின்றன. தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர் நிமிடத்துக்கு 3 லிட்டர் என்று காட்டியபோது ஒரு வாளியைப் பிடித்து இரண்டு நிமிடம் நேரம் பார்த்தோம்; 6 லிட்டர் வந்தது. குளிர் பக்கம் நிமிடத்துக்கு 12 லிட்டர். அதுவும் சரியாக இருந்தது.

அப்புறம் வெப்பக் கணக்கு. சூடான தண்ணீர் 62 டிகிரியில் நுழைந்து 52.8-ல் வெளியேறுகிறது. 9.2 டிகிரி இழப்பு. வாட்டில் சொன்னால் ஏறக்குறைய 1,890. குளிர்ந்த தண்ணீர் 31-ல் நுழைந்து 33.3-ல் வெளியேறுகிறது. 2.3 டிகிரி ஏற்றம், 1,910 வாட். இரண்டும் நூற்றுக்கு ஒன்று அளவுக்குள் பொருந்துகின்றன. ஒரு பக்கம் கொடுத்தது மறுபக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் மாணவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். 2.3 டிகிரியில் 0.1 தவறினால் நூற்றுக்கு நாலு பிழை. 9.2-ல் 0.1 தவறினால் நூற்றுக்கு ஒன்று. ஆகவே இனி எல்லாக் கணக்கும் சூடான பக்கத்து ரீடிங்கை வைத்துத்தான். குளிர் பக்கம் சரிபார்க்க மட்டும். எந்த எண்ணின் மேல் கால் வைத்து நிற்கிறோம் என்று தெரியாமல் அடுத்த படி ஏறக்கூடாது.

கருவிகளில் குறையில்லை. சரி, 48.4 எங்கிருந்து வந்தது? பழைய ரெக்கார்டுகளைப் புரட்டினோம். ஆறு ஆண்டு ரெக்கார்டிலும் 48 முதல் 48.9 வரைக்குள்தான் எண்கள். முதல் ஓரிரு ஆண்டு உண்மையாக எடுத்திருப்பார்கள். அப்புறம் வந்தவர்கள் அதையே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் எழுதியிருக்கிறார்கள். நானும் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போகும்போது மனசு கனத்துத்தான் இருந்தது.

தடை என்ற ஒரே சொல்

வெப்பம் சூடான தண்ணீரிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்குப் போக மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். குழாயின் உள்சுவரை ஒட்டி நகரும் தண்ணீர்ப் படலம் ஒன்று, தாமிரச் சுவர் ஒன்று, வெளிப்பக்கத் தண்ணீர்ப் படலம் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு தடை. மூன்றும் வரிசையாக நிற்பதால் கூட்டிக்கொள்ளலாம். கூட்டுத்தொகையைத் தலைகீழாக்கினால் கிடைப்பதுதான் யூ என்று நாம் எழுதும் ஒட்டுமொத்த வெப்பப் பரிமாற்றக் குணகம்.

எண்கள் மிகச் சிறியவை என்பதால் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒரு அலகாக வைத்துக்கொண்டோம். டிட்டஸும் போல்ட்டரும் 1930-ல் கார் ரேடியேட்டர் குழாய்களுக்காகத் தந்த சமன்பாட்டில் போட்டால், உள்படலத்தின் தடை 2.9 அலகு. ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 13,000, ஆகவே சமன்பாடு செல்லும். வெளிப்படலம் 1.8 அலகு, அங்கே ரெனால்ட்ஸ் எண் 10,300. எல்லைக் கோட்டை ஒட்டி நிற்கிறது, ஆனாலும் பரவாயில்லை. தாமிரச் சுவர் 0.03 அலகு. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மொத்தம் 4.75. அதாவது யூ மதிப்பு 2,100. இந்த மதிப்பில் சூடான தண்ணீர் 48.4-ல்தான் வெளியேற வேண்டும். பழைய ரெக்கார்டு பொய் சொல்லவில்லை. அது ஒரு புதுக் குழாயைப் பற்றிச் சொல்கிறது.

நம் ரீடிங்கிலிருந்து பின்னோக்கிப் போட்டால்? இரு தண்ணீருக்கும் இடையே குழாய் நெடுகிலும் உள்ள சராசரி வேறுபாடு, அதாவது மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு, 25.1 டிகிரி. தாமிரக் குழாயின் வெளிப்பரப்பு 0.0603 சதுர மீட்டர். யூ 1,250. மொத்தத் தடை 8.0 அலகு.

4.75 இருக்க வேண்டிய இடத்தில் 8. கூடுதலாக 3.25 அலகு எங்கோ குந்தியிருக்கிறது.

"எங்க உட்கார்ந்திருக்கு?" என்று கேட்டேன். குழு இரண்டாகப் பிரிந்தது. குழாய்க்கு உள்ளே என்றார்கள் இரண்டு பேர், சூடான தண்ணீர்தானே உப்புக் கட்டும் என்று. நல்ல வாதம்தான். அந்த மாணவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பிரிச்சுப் பார்க்காம சொல்ல முடியுமா சார்?" என்று கேட்டார். அந்தப் பருவம் முழுக்க நான் கேட்ட கேள்விகளில் அதுதான் சிறந்தது.

முடியும். 1915-ல் வில்சன் என்பவர் காட்டிய வழி இருக்கிறது. உள்ளே ஓடும் தண்ணீரின் வேகத்தை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. உள்படலத்தின் தடை வேகத்தின் 0.8 அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும். மற்ற தடைகள் அப்படியே நிற்கும். மொத்தத் தடையை ஒரு அச்சிலும், வேகத்தின் 0.8 அடுக்கின் தலைகீழியை மறு அச்சிலும் வைத்து வரைந்தால் நேர்கோடு வரும். அந்தக் கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தில், வேகத்தைப் பற்றிக் கவலையே படாத தடைகள் எல்லாம் ஒன்றாக நிற்கும்.

3, 4, 5, 6 லிட்டர் என்று நாலு வேகத்தில் ஓட்டினார்கள். 3-ல் மொத்தத் தடை 8.0, 6-ல் 6.75. நடுப் புள்ளிகள் இரண்டும் கோட்டுக்கு நூல் அளவு மேலும் கீழுமாக விழுந்தன. கோட்டின் சரிவு சமன்பாடு சொன்னதோடு ஒத்துப்போனது. அதாவது உள்படலம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கோடு அச்சை வெட்டிய இடம் 5.1. இருக்க வேண்டியது தாமிரமும் வெளிப்படலமும் சேர்ந்த 1.8 மட்டும்.

ஸ்கேல் வைத்துக் கோட்டைப் பின்னால் நீட்டி அச்சில் புள்ளி வைத்தபோது அந்த மாணவியின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. 5.1. அழித்துவிட்டு மறுபடி நீட்டிப் பார்த்தார். 5.1-தான். வில்சன் கோடு என்று கேள்வித்தாளில் எழுதியவர்கள் நிறைய இருப்பார்கள். அதை வைத்து ஒளிந்திருக்கும் ஒன்றை அளந்தவர்கள் அன்று அந்த மேஜையைச் சுற்றி நின்ற நாலு பேர்.

டீக்கடை பாய்லர்

3.25 அலகு என்பது உப்புப் படிவு என்று வைத்துக்கொண்டால், கால்சியம் கார்பனேட்டின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-டிகிரிக்கு 2.2 வாட் அளவில் இருக்கும். தாமிரத்துக்கு 390. கணக்குப் போட்டால் 0.7 மில்லிமீட்டர் படிவு. ஒரு அட்டையின் கனம். கொதிகலன், வெப்பப் பரிமாற்றி எல்லாவற்றுக்கும் இந்தப் படிவுதான் தீராத தலைவலி. கடின நீருக்கு வடிவமைப்பாளர்கள் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் படிவுத் தடை 5 அலகுக்குச் சற்று மேல் என்று வழக்கமான அட்டவணை சொல்கிறது. நம் 3.25 அதற்குள் அடங்குகிறது.

இதைச் சொன்னதும் அந்த மாணவி, "எங்க கடை பாய்லர்லயும் இதுதான் சார். உப்பு ஏறுனா கரி தின்னும்னு அப்பா சொல்லுவாங்க," என்றார்.

உப்பு ஏறினால் கரி தின்னும். எத்தனை தலைமுறை டீக்கடை அறிவு அந்த நாலு சொல்லில் இருக்கிறது! ஆனால் அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இந்த ஆய்வின் மையம் அந்தக் கணக்குதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கரி அடுப்பில், தீக்கும் பாய்லர் தகட்டுக்கும் நடுவே சூடான வாயு இருக்கிறது. வாயுப் படலத்தின் குணகம், கதிர்வீச்சையும் சேர்த்துத் தோராயமாக 50 என்று வைப்போம். அதன் தடை 200 அலகு. தண்ணீர்ப் பக்கம் கொதிக்கிறது, அங்கே தடை மிகக் குறைவு. இந்த 200-க்கு முன்னால் அதே 0.7 மில்லிமீட்டர் உப்பின் 3.25 அலகு எம்மாத்திரம்? நூற்றுக்கு ஒன்றரை அளவு. அப்பா கவனிக்கவே மாட்டார். விரலால் தட்டினால் பெயரும் அளவுக்கு 5 மில்லிமீட்டர் ஏறினால்தான் 23 அலகாகி, நூற்றுக்குப் பத்துக்கு மேல் தெரியும். அப்பா சொன்னது பொய்யில்லை. அவர் பார்த்த உப்பு அவ்வளவு கனம்.

எங்கள் ஆய்வகக் குழாயில் அதே 0.7 மில்லிமீட்டர், வெப்ப ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டது. 2,800 வாட் போக வேண்டிய இடத்தில் 1,890. ஏனென்றால் இங்கே பக்கத்தில் நிற்கும் மற்ற தடைகள் 4.75 மட்டுமே.

மாணவி விடவில்லை. "அப்ப ஹாஸ்டல்ல வெந்நீர் போடுற ராடு சார்?" என்று கேட்டார். அது மூன்றாவது கதை. மின்கம்பியில் வெப்ப ஓட்டத்தை மின்சாரம் நிர்ணயிக்கிறது. உப்பு ஏறினாலும் 1,500 வாட் என்றால் 1,500 வாட் வெளியே போயே தீரும். தண்ணீர் அதே நேரத்தில்தான் சூடாகும். உப்பைத் தாண்டித் தள்ள வேண்டியிருப்பதால் ராடு தன் வெப்பநிலையை உயர்த்திக்கொள்ளும். ராடின் மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு 1,00,000 வாட் அளவில் வெப்பம் வெளியேறுகிறது என்று வைத்தால், ஒவ்வொரு மில்லிமீட்டர் உப்புக்கும் 45 டிகிரி. கொஞ்ச நாளில் உள்ளே இருக்கும் கம்பி எரிந்துபோகும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ராடு ஏன் சீக்கிரம் போகிறது என்பது இப்படித்தான் விளங்கியது.

ஒரே உப்புதான். குழாயில் வெப்பத்தை மறிக்கிறது, பாய்லரில் சும்மா இருக்கிறது, ராடில் கம்பியை எரிக்கிறது. ஒரு தடை பெரிதா சிறிதா என்பதை அதன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். நான் இதை ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது அன்றுதான் போய்ச் சேர்ந்தது.

உள்ளேயா, வெளியேயா

வில்சன் கோடு, கூடுதல் தடை உள்படலத்தில் இல்லை என்று மட்டும்தான் சொன்னது. படிவு தாமிரக் குழாயின் உட்புறம் ஒட்டியிருக்கிறதா, வெளிப்புறமா என்று அது சொல்லாது. இரண்டுமே வேகத்தால் மாறாத தடைதான். ஆகவே குழாயைக் கழற்ற வேண்டிவந்தது. கழற்றுவதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் ஊகத்தைக் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன்.

இரண்டு பேர் உட்புறம் என்று எழுதினார்கள். ஒருவர் இரண்டு பக்கமும் என்றார். டீக்கடை வீட்டுப் பெண் வெளிப்புறம் என்று எழுதி, காரணமாக இரண்டு வரி சேர்த்திருந்தார். உள்ளே ஓடுவது அதே தொட்டித் தண்ணீர்; அதிலிருக்கிற உப்பு ஒரு முறை படிந்தால் தீர்ந்தது. வெளியே ஓடுவது ஒவ்வொரு நிமிடமும் புதுப் போர்வெல் தண்ணீர். உப்பு வந்துகொண்டே இருக்கும்.

இதோடு நான் ஒன்றைச் சேர்த்தேன். கால்சியம் கார்பனேட் மற்ற உப்புகளைப் போல அல்ல. தண்ணீர் சூடேறச் சூடேற அதன் கரைதிறன் குறையும். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் சூட்டில் உடைந்து கார்பனேட்டாகும். ஆகவே தண்ணீரைவிடச் சுவர் சூடாக இருக்கும் பக்கத்தில்தான் படிவு விரும்பி ஒட்டும். வெளிப்பக்கம்தான் அப்படி. உள்பக்கத்தில் தண்ணீரைவிடச் சுவர் குளிர்ச்சி.

ஆய்வக உதவியாளர் அண்ணன் ஸ்பேனரோடு வந்தார். நட்டு இளகாமல் கால் மணி நேரம் போராட வேண்டியிருந்தது. தாமிரக் குழாயை மெதுவாக உருவினார். குழாய் தாமிர நிறத்தில் இல்லை. சாம்பல் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி, முனை முதல் முனை வரை ஒரே பூச்சு. சூடான தண்ணீர் நுழையும் முனையில் தடித்து, மறுமுனையில் மெலிந்திருந்தது. உட்புறத்தில் டார்ச் அடித்துப் பார்த்தோம். மங்கலாகத் தாமிரம் தெரிந்தது.

ஒரு செதிளை நகத்தால் பெயர்த்துத் திருகு அளவியில் வைத்தோம். தடித்த முனையில் 0.9, மெலிந்த முனையில் 0.5. தெர்மாமீட்டரையும் ஒரு கோட்டையும் வைத்துச் சொன்ன 0.7 நடுவில் நின்றது. அந்த மாணவி அந்தச் செதிளைக் காகிதத்தில் மடித்து ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பெயர்ந்த தூளில் எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் அமிலம்) கரைசலை ஒரு சொட்டு விட்டதும் நுரைத்துப் பொங்கியது. கார்பனேட் என்பதற்கு அதுவே சாட்சி.

சுவர் பற்றி ஒரு கிளைக்கதை

தடைகளைக் கூட்டிக் கழிக்கும் இந்த முறை கைவந்ததும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அதையே போட ஆரம்பித்தார்கள். ஆகவே அதன் எல்லையையும் காட்ட வேண்டியிருந்தது. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துப் போனேன். மே மாத மதியம் மூன்று மணி. தெருவில் கால் வைக்க முடியவில்லை. முகப்பைத் தாண்டி வளவு என்ற நடுமுற்றப் பகுதிக்குள் போனதும் சட்டைக்குள் காற்று புகுந்த மாதிரி இருந்தது.

"ஏன் குளிர்ச்சி?" என்றேன். "செங்கல்லுக்குக் கடத்துதிறன் கம்மி சார்." கான்கிரீட்டில் பாதிதான் கம்மி. அது போதாது. "சுவர் கனம் சார்." சரி, கனத்தால் தடை கூடும். அப்படியானால் ராத்திரியிலும் அதே தடைதானே, பகலில் ஏறிய சூடு எங்கே போனது?

விடை நேரத்தில் இருக்கிறது. வெளியில் வெப்பம் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது. நிலையான ஓட்டத்துக்கான கணக்கு இதற்குப் பொருந்தாது. செங்கல்லில் சூடு எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் வெப்பப் பரவுதிறனை வைத்துப் போட்டால், ஒரு நாளின் வெப்ப அலை 12 சென்டிமீட்டர் உள்ளே போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. ஒன்றரை அடிச் சுவர் என்றால் 45 சென்டிமீட்டர். மறுபக்கம் போய்ச் சேரும்போது அலையில் மிஞ்சுவது நூற்றுக்கு இரண்டு பங்கு. அதுவும் ஏறக்குறைய 15 மணி நேரம் தாமதமாக. மதியம் மூன்று மணி வெயிலின் சேதி உட்சுவருக்கு மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குத்தான் கிடைக்கிறது. அப்போது முற்றத்தின் வழியே குளிர்ந்த காற்று இறங்கிக்கொண்டிருக்கும். பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தில் அதே அலை பாதிக்குப் பாதி உள்ளே வந்துவிடும், மூன்று மணி நேரத் தாமதத்தில். மாலை ஆறு மணிக்குப் புது வீட்டு மாடி அறையில் உட்கார முடியாததன் காரணம் இதுதான். இது தோராயக் கணக்கு. மெல்லிய தளத்துக்கு இன்னும் துல்லியமான சமன்பாடு உண்டு. ஆனால் ஒன்றரை அடிச் சுவர் வைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இதற்குள்ளேயே தெரிந்துவிடும்.

அந்த வீட்டு ஆச்சி எங்களுக்கு மோர் கொடுத்தார். முற்றத்தில் மழைத் தண்ணீர் பிடிக்கப் பெரிய அண்டா ஒன்று இருந்தது. எதற்கு என்று ஒருவன் கேட்டான். "போர் தண்ணியில பருப்பு வேகாதுப்பா," என்றார் ஆச்சி. ஊருணித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் குடிக்கவும் சமைக்கவும், மற்றது மற்றதற்கு. பருப்பை வேகவிடாத அதே கால்சியம்தான் எங்கள் குழாயில் பூச்சாக ஒட்டியிருந்தது. இதை நான் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போது அவர்களே பேசிக்கொண்டு வந்தார்கள்.

கழுவியதும் கிடைத்ததும்

எலுமிச்சை உப்பை நூற்றுக்கு இரண்டு பங்கு கரைத்து, வெதுவெதுப்பாக்கி, குழாயை ஊறவைத்தோம். நுரை அடங்கும் வரை இருமுறை கரைசலை மாற்றினோம். நல்ல தண்ணீரில் அலசி மாட்டினோம். அதே 62 டிகிரி, அதே 3 லிட்டர், அதே 12 லிட்டர்.

49.1.

குழு கைதட்டியது. எனக்கும் கைதட்டத் தோன்றியது. ஆனால் 48.4-க்கும் 49.1-க்கும் இடையே இன்னும் 0.7 டிகிரி இருக்கிறதே என்று அந்த மாணவிதான் முதலில் கேட்டார். யூ மதிப்பு 1,950. மொத்தத் தடை 5.13 அலகு; எதிர்பார்த்தது 4.75. இந்த 0.38 அலகுக்கு ஒரே காரணத்தைக் கைகாட்ட முடியாது. மூலைகளில் மிஞ்சிய படிவு கொஞ்சம் இருக்கலாம். வட்ட இடைவெளியைச் சமவிட்டம் என்ற ஒற்றை எண்ணால் மாற்றி எழுதுவதிலேயே பிழை உண்டு. டிட்டஸ்–போல்ட்டர் சமன்பாடு தன் எல்லைக்குள்ளேயே நூற்றுக்கு இருபது வரை பிசகக்கூடியது. ஆகவே 0.38-ஐத் துரத்தவில்லை. துரத்தாமல் விட்ட காரணத்தை மட்டும் ரெக்கார்டில் எழுதச் சொன்னேன்.

மூன்றாம் இன்டர்னலில் அந்த மாணவி நல்ல மதிப்பெண் எடுத்தார். மற்ற மூவரும் தேறினார்கள். அதைவிட எனக்கு முக்கியம், விடைத்தாள்களில் வந்த மாற்றம். எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் முதல் வரியில் தடைகளை வரிசையாக எழுதி, பெரியதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். தாமிரச் சுவரின் தடையை நாலு தசம இடம் வரை கணக்கிட்டு நேரத்தைக் கரைக்கும் பழக்கம் அந்த நாலு பேரிடமும் போய்விட்டது. வகுப்பின் மற்றவர்களிடம் அது இன்னும் இருக்கிறது. ஒரு கருவி, நாலு பேர், ஆறு வாரம் என்ற இந்த அளவை அறுபது பேர் வகுப்புக்கு எப்படி விரிப்பது என்பதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இப்போதைக்குச் செய்தது ஒன்றுதான்: இந்தச் சோதனைக்கு மட்டும் பழைய ரெக்கார்டுகளை மேஜைமேல் வைப்பதில்லை. ரீடிங் எடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகு கேட்டால் தருகிறோம்.

மேல்நிலைத் தொட்டிக்கு இன்னும் போர்வெல் தண்ணீர்தான் வருகிறது. கழுவி நாலு மாதம் கழித்து அடுத்த வகுப்பு அதே சோதனையைச் செய்தது. 49.9 வந்தது. தடை 5.6 அலகு, கழுவிய நாளைவிட அரை அலகு கூடுதல், படிவாக மாற்றினால் 0.1 மில்லிமீட்டர். ஆய்வகச் சுவரில் ஒரு வரைபடத்தாளை ஒட்டியிருக்கிறோம். முதல் புள்ளி 8.0, இரண்டாவது 5.13, மூன்றாவது 5.6. ஏழு அலகைத் தொடும்போது கழுவ வேண்டும் என்று குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தது அந்த மாணவிதான். இறுதியாண்டுக்குப் போய்விட்டாலும், மாதம் ஒருமுறை வந்து புள்ளி வைத்துவிட்டுப் போகிறார்.